மண்மகளுக்கு ஓர் உயிர்ச் சான்று

உயிரோடு இருப்பது பெரிய சாதனையல்ல. அதைப் புழுகூடச் செய்கிறது. உயிரோடு இருப்பதைத் தக்க அதிகாரியின் முன் மெய்ப்பிப்பதுதான் சாதனை. மனித நாகரிகம் தொடங்கியது நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் அல்ல; "நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று ஒருவன் இன்னொருவனை முதன்முதலாகக் கேட்ட நாளில்தான் என்பது என் துணிபு.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஓய்வூதிய அலுவலகத்தில் உயிர்ச் சான்றுப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் ஓய்வூதியக்காரர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து, தாங்கள் இன்னும் சாகவில்லை என்பதை நிறுவ வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர் சான்று இல்லாமல் வந்து நின்றார்.

"ஐயா, நானே நேர்ல வந்திருக்கேனே" என்றார்.

"நீங்க வந்திருக்கீங்க, சரி. உங்க சான்று வரலையே" என்றேன்.

அவர் என் மேசையை ஓங்கித் தட்டினார். தட்டியது உயிருள்ளவரின் கைதான் என்பதில் தனிப்பட்ட முறையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தனிப்பட்ட கருத்தை அலுவலகத்துக்குள் எடுத்து வரும் பழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது. ஆளையும் சான்றையும் ஒருசேரப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பார்த்ததை எழுதாமல் விட்டதும் இல்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் எதையும், யாரையும் சும்மா விடுகிறவர்கள் அல்ல. அடுப்பில் சோறு வெந்தால் மூடியைத் திறந்து திறந்து பார்ப்போம். குழந்தை தூங்கினால், தூங்கிவிட்டதா என்று எழுப்பிக் கேட்போம். விருந்தாளி குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டி நலம் விசாரிப்போம். இதற்குப் பெயர் அக்கறை. இந்த அக்கறைக்கு அஞ்சியே எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகம் வருவதில்லை என்று என் சம்பந்தி சொல்லித் திரிவது பொறாமை.

அந்தச் சம்பந்தியின் மகள்தான் என் மருமகள். எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவள். நல்ல பெண். அதிகம் பேசமாட்டாள். கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து ஒரு தீப்பெட்டி நிறைய விதை கொண்டுவந்தாள். வாசல் மூலையில் தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் வெறும் கல்லும் சரளையுமாக ஓர் இடம் கிடக்கும். அங்கே தூவிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மழைக்குப் பிறகு இரண்டு இலை எட்டிப் பார்த்தது. நான் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"மாமா, அது களையில்லை" என்றாள்.

எங்கள் பேட்டையில் அதற்கு 'வேலிக்களை' என்றே பெயர். ஆனாலும் புதிதாக வந்த பெண்ணிடம் வாதாடுவது குடும்ப மரியாதைக்கு அழகல்ல என்பதால் விட்டுவிட்டேன். அடுத்தடுத்த மழைகளில் அது வளர்ந்தது. இடைப்பட்ட கோடைகளில் என்ன செய்தது என்று யாரும் பார்க்கவில்லை. களை கோடையில் என்ன செய்தால் நமக்கென்ன? பிறகு ஒரு மழைக்காலத்தில், மெல்லிய தண்டின் உச்சியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஊதாப் பூக்கள் பூத்தன. தேனீக்கள் வந்தன. மீட்டர் பார்க்க வந்தவர் அலறிக்கொண்டு ஓடினார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பேட்டையில் 'மறுமலர்ச்சி' ஏற்பட்டது.

பல் டாக்டர் ஏதோ வெளியூர் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். பல்லைப் பற்றிய மாநாடுதான். ஆனால் தேநீர் இடைவேளையில் யாரோ அவரிடம், சொந்த மண்ணின் காட்டுப் பூவை வீட்டில் வளர்ப்பதே இன்றைய உயர்குடிப் பண்பாடு என்று சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பியதும் தம் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், சொத்தைப் பல்லின் பெரிய வண்ணப்படத்துக்குக் கீழே, பேட்டைப் பெரியவர்கள் எல்லோரையும் கூட்டினார்.

"பெரியோர்களே! வெளியிலிருந்து வந்த ரோஜா, பொய்ப்பல். நம்ம மண்ணுல முளைச்ச பூதான் சொந்தப் பல். சொந்தப் பல்லை யாராவது பிடுங்கி எறிவாங்களா?" என்று முழங்கினார்.

அவர் தொழிலே அதுதான் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. 'பூர்விக மலர் பேணுநர் சங்கம்' அங்கேயே பிறந்தது. பல் டாக்டர் தலைவர். கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறவர் செயலாளர். யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால் அவருடைய வலது கால் தானாகவே தரையில் பிரேக்கைத் தேடும். சட்டதிட்டங்களை எழுதும் பொறுப்பு, சொல்லவும் வேண்டுமா, எனக்கு.

வேலிக்களைக்கு 'மண்மகள்' என்று பெயர் சூட்டப்பட்டது. மண்மகள் வளரும் வீட்டு வாசலில் நீல எழுத்தில் 'மண்மகள் வாழும் இல்லம்' என்று ஒரு பலகை மாட்டுவதென்று முடிவாயிற்று. பிறகுதான் ஒரு சிறு சிக்கல் தெரிந்தது. இத்தனை காலமும் எல்லோரும் அக்கறையோடு களை பிடுங்கியதில், பேட்டை முழுவதும் ஒரு மண்மகள்கூட மிச்சமில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் மீட்டர் ஓரத்தில் நின்ற ஒன்றைத் தவிர.

பலகை எங்கள் வாசலுக்கு வந்தது. பல் டாக்டரே ஆணி அடித்தார். தெருவே நின்று பார்த்தது. என் தந்தை உயிரோடு இருந்து அதைப் பார்த்திருந்தால், பலகை நேராக இருக்கிறதா என்று கழற்றி மறுபடி மாட்டச் சொல்லியிருப்பார்.

சம்பந்திக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவர் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பார். விதை வந்தது அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து. ஆனால் அந்தக் கொல்லைக்கு அவர் கார் நிறுத்த சிமெண்டுப் பாளம் போட்டுவிட்டார்.

"விதை எங்க வீட்டு விதை, சம்பந்தி" என்றார்.

"பூ எங்க வீட்டுப் பூ, சம்பந்தி" என்றேன்.

"எங்க பொண்ணு கொண்டு வந்தது."

"கொண்டு வந்த பிறகு அவ எங்க பொண்ணு."

என் மருமகள் இருவருக்கும் காபி வைத்துவிட்டு, எங்களைத் தாண்டிப் போய் வாசலில் நின்று பூவைப் பார்த்தாள்.

நான் எழுதிய சட்டதிட்டங்களில் இரண்டு விதிகள் முத்தானவை. ஒன்று: ஒவ்வோர் ஆண்டும் மண்மகள், குறைந்தது ஒரு பச்சை இலையுடன், ஆய்வுக் குழு முன்னிலையில் தோன்றி உயிர்ச் சான்று பெற வேண்டும், தவறினால் பலகை தகுதியுள்ள அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இன்னொன்று: செடி உயிரோடு இருப்பது குறித்து எந்த உறுப்பினரும் எப்போது வேண்டுமானாலும் ஐயம் எழுப்பலாம்; எழுப்பினால் உடனே மறு ஆய்வு. படித்துப் பார்த்த பல் டாக்டர், "இதுல ஓட்டையே இல்லை" என்று தம் தொழில்முறைப் பாராட்டைத் தெரிவித்தார்.

பலகை வந்த பின் செடியைக் கல்லில் விட்டுவைக்க முடியுமா? நான் அதன் பொறுப்பை ஏற்றேன். மேலாகக் கிடந்த சரளையை அள்ளிவிட்டுச் செம்மண் கொட்டினேன். எருப் போட்டேன். தண்டு வளையாதிருக்கக் குச்சி நட்டுக் கட்டினேன். வெயிலுக்கு என் பழைய அலுவலகக் குடையை விரித்து நட்டு வைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் நீர் ஊற்றும் முறை வகுத்தேன். ஆளுக்கொரு முறை ஊற்றியதோடு நிற்காமல், மற்றவர் ஊற்றினாரா என்ற ஐயத்தில் இன்னொரு முறையும் ஊற்றினோம். செடி கொழுத்தது. தண்டு தடித்தது. பூ மட்டும் நின்றுவிட்டது.

"மாமா, அதுக்கு அவ்வளவு பசி கிடையாது. கல்லுல வளர்றது" என்றாள் மருமகள்.

"நம்ம வீட்டுக்கு வந்த பிறகு எதுக்கும்மா கல்லுல வளரணும்? ஊர் என்ன சொல்லும்?"

"அதைச் சும்மா விடுங்க மாமா. அது போதும்."

"சும்மா விடுறதா!" என்றேன். அந்தச் சொல்லை அதே பொருளில் எங்கள் வீட்டுக்குள் யாரும் அதற்கு முன் உச்சரித்ததில்லை.

ஆனால் அவள் சுபாவமே அப்படித்தான். விடுமுறை நாளில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வாள். என் மனைவிக்கு மனசு கேட்காது.

"ஏம்மா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை அத்தை. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"சும்மாவா? தலை சுத்துதா?"

"இல்லை அத்தை."

"புளிப்பா ஏதாவது சாப்பிடணும்போல இருக்கா?"

"இல்லை அத்தை."

மனைவி என்னிடம் வந்து, "என்னங்க, விசேஷமா இருக்குமோ?" என்று கிசுகிசுப்பாள். பிறகு தன் தங்கைக்கும், சம்பந்தியம்மாவுக்கும் அதையே தொலைபேசியில் உரக்கக் கிசுகிசுப்பாள். பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் அத்தனையும் மருமகளை அழைத்து, "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிடும். மறு விடுமுறையில் மறுபடியும். கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் ஆய்வு இது. அவள் "ஒண்ணுமில்லை" என்பாள். அவளுக்கும் அந்தச் செடிக்கும் நாங்கள் காட்டிய அக்கறையில் எந்த ஏற்றத்தாழ்வும் இல்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

மழை ஓய்ந்தது. வெயில் ஏறியது. மண்மகளின் இலைகள் ஓரத்தில் மஞ்சள் கட்டின. பிறகு பழுப்பு. பிறகு ஒரு நாள் தண்டே சுருண்டு, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. குடைக்குக் கீழே வெறும் மண். குச்சி மட்டும் நிமிர்ந்து நின்றது, கடமை தவறாத ஒரே ஊழியனைப் போல.

வீடே அதிர்ந்தது. மனைவி அழுதாள். நான் ஆஸ்பத்திரிக்கே தொலைபேசியில் மருமகளை அழைத்தேன். யாருக்கோ மாவுக்கட்டைப் பாதி போட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"அது தூங்குது மாமா. வெயில் காலத்துல மேல எல்லாம் காஞ்சிடும். கீழ கிழங்கு இருக்கும். மழைக்கு எழுந்துக்கும். வருஷா வருஷம் அப்படித்தான்."

"எனக்குத் தெரியாம எப்ப தூங்கிச்சு?"

"நீங்க களைன்னு நினைச்சுக்கிட்டிருந்தப்போ மாமா."

ஆண்டு ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் செடி குழு முன்னிலையில் தோன்றுவது எப்படி? பச்சை இலைக்கு எங்கே போவது? பலகை பறிபோனால் 'தகுதியுள்ள அடுத்த வீடு' எது? சம்பந்தி வீடு. மகள் வீட்டுக்குப் பலகை வந்ததுமே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு பாளத்தைப் பெயர்த்துவிட்டு, எங்கள் செடியிலிருந்தே விதை பறித்துக்கொண்டு போய்த் தூவி, தகுதி வாங்கிவிட்டார் மனிதர். அங்கே இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. ஆனால் முளைக்காதது செத்துப்போனதாகாது என்று விளக்கமும் எழுதிக் கொடுத்திருந்தார்.

அவரே துக்கம் விசாரிக்கவும் வந்தார்.

"கேள்விப்பட்டேன் சம்பந்தி. மனசே சரியில்லை. எப்ப நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலை. தூங்குது."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. மனசைத் தேத்திக்கிடுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டு, போகும்போது வாசல் பலகையை இரண்டு பக்கமும் பிடித்து லேசாகத் தூக்கி எடை பார்த்தார்.

ஆய்வு நாள் வந்தது. பல் டாக்டர் வெள்ளை அங்கியோடு வந்தார். செயலாளர் வந்தார். சம்பந்தி ஐயம் எழுப்பும் உறுப்பினராக வந்தார். தெரு வேலிக்கு வெளியே கூடியது. மருமகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். என் மகனும் இருந்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மேலும் கீழும் போய்வந்து பழகியதாலோ என்னவோ, பேச்சில் எப்போதும் நடுமாடியிலேயே நின்றுவிடுவான்.

"பச்சை இலை எங்கே?" என்றார் பல் டாக்டர்.

"தூக்கத்தில் இருக்கிறது" என்றேன்.

"விதியில தூக்கம் உண்டா?" என்று செயலாளரைக் கேட்டார்.

"இல்லைங்க. விதியை எழுதினவரே இவர்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கணத்திலும் என் முதுகு வளையவில்லை. விதி நல்ல விதி. செடிதான் தவறு.

மருமகள் முன்னால் வந்தாள். "டாக்டர், கீழ கிழங்கு உயிரோட இருக்கு. ஒரு மழை வரைக்கும் பொறுங்க. தானா வந்து நிக்கும்."

"கிழங்கு இருக்குன்னு யாரும்மா பார்த்தா?" என்றார் செயலாளர்.

"யாரும் பார்க்கலை. பார்க்காம இருந்தாத்தான் அது இருக்கும்." என்றாள். "எங்க ஆஸ்பத்திரியில சில பேர் எலும்பு கூடிருச்சான்னு வீட்டுல கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்ப்பாங்க. கடைசி வரைக்கும் கூடாது, கோணிக்கும். மாமா, சொல்லுங்க மாமா. நான் பிறந்த வீட்டுல இருந்து கொண்டு வந்தது இது ஒண்ணுதான்."

அவள் என்னிடம் அதுவரை எதுவுமே கேட்டதில்லை. நான் பலகையைப் பார்த்தேன். தெருவைப் பார்த்தேன். சம்பந்தியின் கை, எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக, ஏற்கெனவே விரிந்திருந்தது. அவள் கேட்டது ஒரு செடிக்காக. நான் காக்க வேண்டியதோ ஒரு குடும்பத்தின் மானம்.

"தோண்டிப் பார்த்துவிடலாம்" என்றேன்.

களைக்கொத்தை நானே பிடித்தேன். இப்படிப்பட்ட கடமையைக் கூலிக்கு விடுவதில்லை. செம்மண்ணுக்குக் கீழே, பழைய சரளைக்கு நடுவில், சுருண்ட விரல்கள்போல வெளுத்த கிழங்கு கிடந்தது. நுனியில் ஒரு கடுகளவு முளை. உயிர்!

தெரு கைதட்டியது. மனைவி கண்ணீர் விட்டாள். கிழங்கு மேசைக்கு வந்தது. பல் டாக்டர் தம் சிறு சுத்தியலால் அதைத் தட்டி, "கூச்சம் இருக்கற மாதிரி தெரியுது" என்றார். செயலாளர் புகைப்படம் எடுத்தார். சம்பந்தி உள்ளங்கையில் வைத்து நிறுத்து, "எடை கொஞ்சம் குறையுதே" என்று சொல்லி, உள்ளே பச்சையாக இருக்கிறதா என நகத்தால் கீறினார். பச்சைதான். "தெளிவாத் தெரியலையே" என்று இன்னொரு பக்கமும் கீறினார். அங்கும் பச்சை. அப்போது கிழங்கின் ஒரு விரல் உடைந்து கீழே விழுந்தது. குப்பைதானே என்று யாரும் குனியவில்லை. மருமகள் மட்டும் குனிந்தாள்.

உயிர்ச் சான்றில் கையெழுத்துகள் விழுந்தன. கிழங்கை மறுபடி புதைத்துத் தண்ணீர் ஊற்றினோம். எல்லோரும் ஊற்றினோம்.

சம்பந்தி சளைத்தவரல்ல. சில நாளில் மீண்டும் ஐயம் எழுப்பினார். "அன்னைக்கு உயிரோட இருந்தது, ஒத்துக்கிறேன். இன்னைக்கு?" என்பது அவர் வாதம். சட்டப்படி அதில் பிழை காண முடியவில்லை. நான் எழுதிய விதி அல்லவா! தோண்டினோம். முளையைக் காணவில்லை, ஆனால் கிழங்கு இருந்தது. பிறகு ஒருமுறை தோண்டினோம். கிழங்கு பழுத்த மாதிரி மெத்தென்று இருந்தது. மென்மை ஆரோக்கியத்தின் அறிகுறி என்று பல் டாக்டர் கருதினார். பிறகு தோண்டியபோது கொத்தில் ஈரமாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மருமகள் வரவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

ஆனால் சான்று ஆண்டு முடியும்வரை செல்லும். ஆகவே மண்மகள் உயிரோடுதான் இருந்தாள். பலகையும் இருந்தது. சம்பந்தி வாயடைத்துப் போனார். குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது.

அந்த வெற்றியின் நிறைவோடு நான் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது மகன் வந்து நின்றான்.

"அப்பா, நாங்க தனியா போறோம்."

"இங்கே என்னடா குறை?"

"குறை ஒண்ணும் இல்லப்பா."

"பின்னே? உங்களை நாங்க கவனிக்கலையா?"

அவன் வழக்கம்போல் நடுமாடியில் நின்றான். பிறகு எப்படியோ இறங்கினான். "லிஃப்ட்ல ஏறினவங்க எல்லாரும் பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா, அது எங்கேயும் போகாதுப்பா."

லிஃப்டுக்கும் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. பையன் பாவம், வேலைப் பளு.

அவர்கள் டயர் கடைக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டுக்குக் குடிபோனார்கள். போகும்போது மருமகள் காலில் விழுந்து வணங்கினாள். கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அடுப்புப் பற்றவைக்க என்று நினைத்துக்கொண்டேன்.

மழை வந்தது. எங்கள் வாசலில் குடைக்குக் கீழே ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த மழையும் வந்தது. குச்சிகூடத் துளிர்த்தது; மண்மகள் எழவில்லை. சம்பந்தி வீட்டுப் பாளத்தின் இடுக்கிலும் ஒன்றுமில்லை. பார்த்துப் பார்த்து அவரும் கிளறியிருக்கிறார். சான்று காலாவதியான பிறகும், தகுதியுள்ள அடுத்த வீடு இல்லாததால் பலகை எங்கள் வாசலிலேயே இருந்தது. பகை எல்லாம் ஓய்ந்து நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில்தான், செயலாளர் காரை நடுத்தெருவில் நிறுத்தி இறங்கி ஓடிவந்தார்.

"ஐயா! டயர் கடைக்குப் பின்னால! சாக்கடை ஓரத்துல! ஊதாப் பூ!"

சங்கம் திரண்டது. நான், என் மனைவி, சம்பந்தி, பல் டாக்டர், செயலாளர். எங்கள் வாசல் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டோம்; குடும்பத்துக்குள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது மான இழப்பாகாது.

வீட்டின் படிக்கட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சாண் இடம். உடைந்த செங்கல், சரளை. அதன்மேல் ஊதாவாகப் பூத்திருந்தது. ஒரு கொத்து அல்ல, பல கொத்துகள். குச்சி இல்லை. குடை இல்லை. வளைந்த தண்டுகள் காற்றில் தம் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. இப்படி ஒழுங்கீனமாக ஒரு செடி இவ்வளவு பூத்து நான் பார்த்ததில்லை.

கதவைத் திறந்தது மகன்தான். எல்லோரையும் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

"வாங்கப்பா. கொத்தை வெளியே வச்சுட்டு உள்ளே வாங்க."

அப்போதுதான் கவனித்தேன். வலது கையில் களைக்கொத்து. நான் எடுத்து வந்ததாக நினைவே இல்லை. படியில் வைத்தேன். பல் டாக்டர் சட்டைப்பையிலிருந்து சிறு சுத்தியலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். சம்பந்தி வெறும் கையோடுதான் வந்திருந்தார்; அவரை மகன் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தான். அவர் நகம் தெரியாமல் விரல்களை மடக்கிக்கொண்டார்.

மருமகள் காபி கொண்டுவந்தாள். முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்ததும் அவள் உதடு தானாகப் பிரிந்தது.

"ஏம்மா, ஏதாவது விசே—"

"அத்தை," என்று மருமகள் சிரித்தாள், "நீங்களும் அதை வெளியே வச்சுட்டு வாங்க."

என் மனைவி வாயை மூடிக்கொண்டாள். பிறகு, என்ன நினைத்தாளோ, அவளும் சிரித்துவிட்டாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மருமகள் அதை இழுத்து அவளை உட்கார வைத்தாள். என் மனைவி எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் கடமை இருந்தது. "செடியை எப்படிம்மா வளர்த்தே? பதிவு செய்யணும்" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலை மாமா. அன்னைக்கு உடைஞ்சு விழுந்த துண்டு. இந்த ஓரத்துல வச்சேன். மறந்துட்டேன்."

"என்ன எரு?"

"போடலை."

"தண்ணி?"

"மழை பெய்ஞ்சா."

"நடுவுல உயிரோட இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டே?"

"தெரிஞ்சுக்கலை மாமா. நம்பிட்டேன்."

செயலாளரின் கால் பிரேக்கைத் தேடியது. பலகையை என்ன செய்வதென்று சம்பந்தி கேட்டார். "வேண்டாம்பா. மாட்ட ஆணி அடிச்சா மண்ணு அதிரும்" என்றாள் அவர் மகள்.

வெளியே வந்தோம். ஆய்வறிக்கையை அங்கேயே படியில் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. செயலாளர் எழுத, நான் சொன்னேன். செடியின் நிலை: உயிரோடு உள்ளது, பூத்துள்ளது, நேரில் பார்க்கப்பட்டது. அடுத்ததாக, செடி உயிரோடு இருப்பதற்கான காரணத்தைக் குறிக்க வேண்டும். அந்த விதியையும் எழுதியவன் நானே.

பேனா காத்திருந்தது. சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். முப்பாட்டன் காலத்திலிருந்து வரும் எங்கள் அக்கறை அத்தனையும் என் முதுகில் நிமிர்ந்து நின்றது. பார்த்ததை எழுதாமல் விட்டதில்லை நான்.

"எழுதுங்கள்" என்றேன். "காரணம்: பேணுவோர் எவரும் அருகில் இல்லை."